ஓர் இரும்பு வளையத்துக்காகச் சாய்ந்தமருது வரை

பதினொரு வருடமாக என் ஜீப்பில் ஒரு சாமான் இல்லை. அது இல்லாமலே வண்டி ஓடுகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, காய்கறி விதை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. பார்க்கிறவர்கள் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் விஷயம் தெரிந்த யாராவது வந்தால் நேரே ஓட்டுநர் இருக்கையின் கால்மாட்டைக் குனிந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்பார்கள். அந்தக் குரலில் துக்கம் விசாரிக்க வந்தவரின் சாயல் இருக்கும்.

அவர்கள் தேடுவது ஓர் இரும்பு வளையம். லேண்ட்ரோவர் என்பதுதான் வண்டியின் சரியான பெயர். எங்கள் மலையில் ஜீப் என்றால்தான் ஆளுக்குப் புரியும். அந்த வண்டி பிறந்த புதிதில், முதல் இரண்டு மூன்று வருடங்களில் வந்தவற்றுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு உண்டு. சாதாரணமாக முன்சக்கரங்கள் தம் போக்கில் உருளும். வழுக்கும் சரிவில் இறங்கும்போது கால்மாட்டில் இருக்கும் வளையத்தை இழுத்து மாட்டினால் நான்கு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும். வளையத்தை எந்தப் பட்டறையிலும் வளைத்துவிடலாம். அது போய்ச் சேரும் கனத்த உருண்டை ஒன்று வண்டிக்கு அடியில் இருக்க வேண்டும். பின்னால் வந்த வண்டிகளில் அது இல்லை. பழுதானபோது கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிக்கொண்டார்கள். என் வண்டியிலும் எவனோ ஒரு புண்ணியவான் அப்படித்தான் எறிந்திருக்கிறான்.

போன வருடம் பழைய வண்டிப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. மாமரத்தடியில் ஒரு ஜீப், திறந்த கதவு, கால்மாட்டில் வளையம். "இதன் பெறுமதி என்னவாக இருக்கும்?" என்று கேட்டிருந்தவர் நஸார். ஊர் சாய்ந்தமருது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையை ஒட்டியது. நான்கு மாதம் தொலைபேசியில் பேசினேன். முழு வண்டியை நாடு தாண்டிக் கொண்டுவர முடியாது. அந்த உருண்டையை மட்டும் கழற்றித் தந்தால் போதும், பதிலுக்கு மாட்ட நல்ல சாமான் நானே கொண்டுவருகிறேன் என்றேன். "வாங்க அண்ணன், நேர்ல கதைப்பம்" என்றார். கிளம்பிவிட்டேன்.

என் மனைவி வசந்தி அந்த வண்டியைத் தன் மாமியார் என்றுதான் சொல்வாள். "மாமியாருக்கு மருந்து வாங்க வெளிநாட்டுக்கே போறாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லி என்னை வழியனுப்பி வைத்தாள்.

முதல் நாள் பேருந்திலேயே கோட்டை விட்டேன். விடிந்ததிலிருந்து விழித்திருந்தவன், இறங்க வேண்டிய நேரத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன். அந்தக் கடற்கரையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. கடைத்தெரு, பள்ளிவாசல், கடைத்தெரு, கோயில், மறுபடி கடைத்தெரு என்று ஒரே நீளமாகப் போகிறது. பெயர்ப்பலகையைப் படித்தால்தான் ஊர் மாறியது தெரியும். நான் கண் விழித்தது அக்கரைப்பற்றில். நடத்துநர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. அவரே இறங்கி ஒரு ஆட்டோக்காரரிடம் என்னை ஒப்படைத்து, இந்தியாவிலிருந்து வந்த ஆள், சாய்ந்தமருதில் பத்திரமாக இறக்கிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் இப்படித் தூங்கினால் அடுத்த நிறுத்தத்தில் திட்டும் டிக்கெட்டும் சேர்ந்து கிடைக்கும்.

திரும்பி வரும் வழியில் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. எங்கள் பக்கம் காட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகள் அங்கே நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒலுவில் பக்கம் ஒரு ஜீப்பின் பின்னால் மீன்பெட்டிகள். நிந்தவூரில் இன்னொன்றின் மேல் ஒரு கட்டிலும் மெத்தையும் அலுமாரியும். ஆட்டோக்காரரிடம் கேட்டேன். புது வண்டி எட்டாத விலை, அதனால் யாரும் பழையதைச் சாகவிடுவதில்லை என்றார். நாங்கள் துடைத்து வைத்துக் கும்பிடுகிறோம். அவர்கள் வேலை வாங்குகிறார்கள். எது மரியாதை என்று அன்றைக்கு முதல்முறையாக யோசித்தேன்.

நஸார் நாற்பது வயதுக்காரர். பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர், நம் பக்கத்துச் சொல்லில் எழுத்தர். சிரித்த முகம். வளவு என்று அங்கே சொல்லும் வீட்டு மனையின் இரும்புப் படலையை, அதாவது வாசல் கேட்டைத் திறந்து என்னை உள்ளே அழைத்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாமரத்தடியில் ஜீப்பைக் கண்டதும் தரையைப் பார்க்காமல் நடந்தேன். படலை காற்றில் ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்த ஏதோ ஓர் உருண்டையில் என் கால் கட்டைவிரல் மோதி, கண்ணில் பொறி பறந்தது. "பாத்து அண்ணன்" என்று நஸார் கையைப் பிடித்தார். நான் நொண்டிக்கொண்டே போய், ஜீப்பின் கதவைத் திறந்து, கால்மாட்டில் கைவிட்டேன். வளையம் இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். உருண்டையும் அப்படியே இருந்தது. சேற்றில் மல்லாந்து கிடந்தபடி கண் கலங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்று மாலை இடியப்பம், சொதி, இறால் குழம்பு, பிறகு வட்டிலப்பம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. "ஹப்ஸா, இன்னும் கொஞ்சம் சம்பல்" என்று நஸார் குரல் கொடுப்பார், அதுவும் வரும். ஹப்ஸா அவர் மனைவி. வாசலில் ஒரு முறை வந்து, "வாங்க, இரிங்க, பயணம் சுகமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் சாப்பாட்டைப் புகழ்ந்தேன். பிறகு நஸாரிடம் காரியத்தைத் தொடங்கினேன்.

அவர் நெளிந்தார். "வீட்டுல கேட்டுத்தான் அண்ணன் சொல்லணும்" என்றார்.

எங்கள் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஓர் ஆண் சொன்னால், முடியாது என்று அர்த்தம். அல்லது விலையைக் கூட்டு என்று அர்த்தம். நானே என் விதைக்கடையில் கடன் கேட்பவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வசந்தியிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால் நஸாரிடம் விலையை ஏற்றினேன். அவர் இன்னும் நெளிந்தார். ஒருவேளை மாமனாரைத்தான் சொல்கிறாரோ என்று தோன்றியது. ஜீப் அவர் வாங்கியது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மாமனாரைப் பிடித்தேன். எல்லோரும் ஹாஜியார் என்றே அழைக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம். அவர் குடியிருப்பது இரண்டு தெரு தள்ளி, தம் மனைவியின் வீட்டில். அன்று காலை மகள் வளவுக்கு வந்து, அதே ஜீப்பில் என்னை மேற்கே வயல்வெளிக்கு அழைத்துப்போனார். வட்டை என்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை, நடுவே குளக்கட்டு, கட்டின் மேல் சேறு. இறங்கும் இடத்தில் வளையத்தை இழுத்து மாட்டினார். வண்டி ஓர் எருமையைப் போல நிதானமாக அடி வைத்து இறங்கியது. பதினொரு வருடம் வரைபடத்தில் மட்டும் பார்த்ததை உடம்பால் உணர்ந்தேன்.

வாடி என்னும் வயல் குடிசையில் உட்கார வைத்து, மண்சட்டித் தயிரில் பாணி என்னும் பனைப் பாகை ஊற்றித் தந்தார். அந்தத் தயிரைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும். ஊட்டி குளிரில்கூட எங்கள் தயிர் அப்படி உறைந்து நான் கண்டதில்லை. இரண்டு சட்டி காலியானதும் கேட்டேன். ஹாஜியார் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, அது தன் கையில் இல்லை என்றார். மருமகன் கையிலா என்றேன். அவர் கையிலும் இல்லை என்றார். "நீங்க வீட்டுல ஒருக்கா கேளுங்களன், தம்பி."

இவரும் அதையே சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாமனாரும் மருமகனும் சேர்ந்து என்னைப் பந்தாடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். தின்ற தயிர் வயிற்றில் இருக்கும்போதே அப்படி நினைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் நான் ஊர் திரும்ப வேண்டும். தங்கியிருந்த அறையில் மூட்டை கட்டிவிட்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு போக வந்தேன். ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. திரும்பிவிடலாம் என்று படலைக்கு வெளியே நின்றபோது ஜீப் சத்தம் கேட்டது. ஓட்டிவந்தவர் ஹப்ஸா. பின்னால் ஒரு முதிய உறவுக்காரப் பெண், காலி உரப் பைகள் மேல் உட்கார்ந்திருந்தார். வட்டையில் உர மூட்டைகளை இறக்கிவிட்டு வருகிறார்கள். மழையில் குழைந்திருந்த சரிவான வாசலில் வண்டி லேசாக வழுக்கியது. ஹப்ஸா குனிந்து வளையத்தை மாட்டினார். வண்டி பிடித்துக்கொண்டது. கியரை மாற்றுவது போலச் சாதாரணமாகச் செய்தார்.

"படலையைத் திறந்து அந்தக் குண்டைத் தள்ளி வைங்க அண்ணன்" என்றார். நான் உருண்டையைக் காலால் நெட்டித் தள்ளி, படலைக்கு முட்டுக் கொடுத்தேன். வண்டி உள்ளே போனது. கிழவி இறங்கிச் சமையலறைப் பக்கம் போய்விட்டார். ஹப்ஸா படலையை விரியத் திறந்தே வைத்துவிட்டு, மாமரத்தடியில் நின்றபடி கேட்டார், ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று.

போகிற நேரம்தானே என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் கணவர் வீட்டில் கேட்க வேண்டும் என்கிறார், உங்கள் தகப்பனார் தன் கையில் இல்லை என்கிறார், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடலாமே என்றேன்.

ஹப்ஸா சொன்னார்:

"அவங்க ரெண்டு பேரும் மெய்தான் சொல்லியிருக்காங்க. என்ட கலியாணத்துக்கு வாப்பா இந்த வீட்ட எனக்கு எழுதித் தந்தவர். கிணறு, மாமரம், ஜீப், இந்த வளவுக்க நிக்கிறது எல்லாம் என்ட. வாப்பா தந்ததத் திருப்பி விக்க ஏலா. இவர் கட்டி வந்தவர், என்ட சாமான எப்பிடிக் குடுப்பார்? வந்தவர் என்னட்டக் கேக்கட்டும் எண்டு நான்தான் சொன்ன. மூண்டு நாளா என்ட சோத்தத் தின்டீங்க, என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்லையே."

அந்தக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். ஹாஜியாரும் ஒரு காலத்தில் அப்படிக் கட்டி வந்தவர்தான். ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை எனக்குத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பாவம், இருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் விலாசத்தைச் சரியாகத்தான் சொன்னார்கள். நான்தான் திரைச்சீலை வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, காலம் கடந்துதான் என்றாலும், முறையாக அவரிடமே கேட்டேன்.

"உங்கட ஜீப் நிக்கிற வளவு ஆருட?" என்று கேட்டார்.

"எங்களுடையதுதான்."

"ஆருட பேர்ல?"

"என் பேர்லதான்."

ஹப்ஸா தலையசைத்தார், அவ்வளவுதான். ஆனால் நான் சொன்னது பாதிதான். அந்த இடம் வசந்தியின் நகையை விற்று வாங்கியது. அதில்தான் வீடு, அதில்தான் கொட்டகை, கொட்டகைக்குள் ஜீப். பத்திரத்தில் என் பெயர் மட்டும். இதை அந்த மாமரத்தடியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இதக் கழட்ட ஏலா அண்ணன்" என்றார் ஹப்ஸா. "கட்டுல இறங்கக்குள்ள இந்த வளையம்தான் எனக்குப் பிரேக். மழைக்காலம் முழுக்க நான்தான் போறன், வாறன். நீங்க தாற சாமான் இந்த வேலையச் செய்யுமா?"

செய்யாது என்றேன். அந்த ஓர் உண்மையையாவது சொன்னேன். ஏமாற்றத்தில் அழுதுவிடுவேனோ என்று பயமாகக்கூட இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது முழுக்க நியாயம். சாப்பாட்டுக்கும் அன்புக்கும் நன்றி சொல்லிவிட்டு, வெளியே போய்ப் படலையைச் சாத்துவதற்காக உருண்டையைக் காலால் தள்ளினேன்.

"அதக் காலால தள்ளாதீங்க" என்றார் பின்னாலிருந்து. குரலில் சிரிப்பு இருந்தது. "நீங்க தேடி வந்தது அதுதான்."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மஞ்சளும் நீலமும் பச்சையுமாகத் தடித்த பெயின்ட். பெருநாளைக்குப் பெருநாள் வீட்டுக்கு அடித்து மிஞ்சியதை எல்லாம் அதன் தலையில் பூசியிருக்கிறார்கள். விரலால் தடவினேன். ஒரு பக்கம் வட்டத் தட்டு. ஆறு துளைகளும் பெயின்டில் அடைந்திருந்தன. மறுபக்கம் சின்ன விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நெம்புகோல். வளையத்தின் கம்பி வந்து மாட்டும் இடம் அது. முதல் நாள் என் கட்டைவிரலைப் பதம் பார்த்ததும் அதுதான். பதினொரு வருடமாகத் தேடியவன் மூன்று நாளாக அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். இரண்டு முறை செருப்பை அதன் மேல் சாய்த்தும் வைத்திருக்கிறேன்.

ஹப்ஸா சொன்னது சுருக்கமானது. வாப்பாவிடம் முன்பு இரண்டு ஜீப்புகள் இருந்தன. மற்றது கடற்கரையில் தோணி இழுக்க நின்றது. சுனாமி அன்று அதைத் தூக்கித் தென்னைகளுக்கு நடுவே நசுக்கிப் போட்டுவிட்டது. அவர்கள் அப்போது குடியிருந்த வீடும் போனது. ஆட்கள் தப்பியது இறைவன் காரியம். மிஞ்சியதில் இதை மட்டும் பட்டறைக்காரர் ஒருவர் கழற்றி, டீசலில் கழுவி, கிரீஸை நிறைத்து, துணி அடைத்துக் கொடுத்தாராம். பழைய வீட்டிலிருந்து வந்த ஒரே சாமான் என்று அன்று பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த ஹப்ஸா அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். கலியாணம் ஆனபோது இந்த வளவுக்கு வந்தது.

அப்படியென்றால் எனக்கு வேண்டாம் என்றேன். மனசார அல்ல, ஆனால் சொன்னேன்.

"கொண்டு போங்க" என்றார். "இஞ்ச இது படலைக்கு நிக்கிது. அங்க ஓடும்."

ஆண்கள் தொழுகை முடிந்து வந்தார்கள். விஷயம் கேட்டு ஹாஜியார், நான் நேற்றே வீட்டில் கேள் என்றேனே என்றார். நஸாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்று சஹன் சாப்பாடு: பெரிய தாம்பாளத்தில் புரியாணி, அதைச் சுற்றி உட்கார்ந்து நானும் அவர்கள் இருவரும் ஒரே தட்டில் உண்டோம். நல்ல இறைச்சித் துண்டுகளை என் பக்கமே தள்ளினார்கள். நான் அவர்களைப் பற்றி நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து, சோறு இறங்க மறுத்தது. பிறகு இறங்கியது, மூன்று பேர் பங்கை நானே தின்றேன்.

மாலையில் நஸார் ஒரு பழைய பெயின்ட் வாளியில் கொங்கிரீட் ஊற்றிப் படலைக்குப் புது முட்டு செய்தார். பணத்தை ஹப்ஸா கையாலும் தொடவில்லை. நான் கொண்டுவந்த மாற்றுச் சாமானை மட்டும் வைத்துக்கொண்டார், எதற்காவது முட்டுக் கொடுக்க உதவும் என்று. என் மனைவியின் பெயரைக் கேட்டார். மூன்று நாளில் அந்தப் பெயரை நான் அந்த வீட்டில் உச்சரித்ததே இல்லை. வசந்தி என்றேன். வசந்திக்கென்று மருதமுனை நெசவுச் சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சேலைக்குள் சுற்றிய மூவர்ண உருண்டையைப் பார்த்து, இது என்ன என்றார் அதிகாரி. விளக்கினேன். மேலதிகாரியிடமும் விளக்கினேன். இன்னொருவரிடமும். கடைசியில் நெம்புகோலை ஆட்டிக் காட்டினேன். இருபது வருடத்துக் கிரீஸ் இன்னும் குழைவாக இருந்தது, உள்ளே டக்கென்று பூட்டு விழுந்தது. அவரும் ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஊர் வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மாமரத்தடிக் கேள்வி உட்பட. சேலையை மடியில் விரித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், "நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"என் பேர்லன்னு சொன்னேன்."

"சரிதானே. பத்திரம் அப்படித்தானே சொல்லுது" என்று சொல்லிவிட்டுச் சேலையை மடித்தாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுவாரமே பத்திர எழுத்தரைப் பார்த்தேன். இடம், வீடு, கொட்டகை, அதற்குள் நிற்கும் வண்டி எல்லாம் இப்போது அவள் பெயரில். உருண்டையை மாட்டியாயிற்று, ஒரு துளையைச் சுற்றி மட்டும் அந்தப் பச்சைப் பெயின்டைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன். முதல் ஓட்டத்தில், கொண்டை ஊசி வளைவில், வளையத்தை இழுத்தது வசந்திதான். ஹப்ஸாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினோம்.

போன மாதம் கோவையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். கால்மாட்டைக் குனிந்து பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், நிமிரும்போது முகமே மாறியிருந்தது. எனக்குத் தலைசுற்றும் ஒரு விலையைச் சொன்னார்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அவர் எங்கள் பக்கத்து ஆள். முடியாது என்று எடுத்துக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் உள்ளே போய்க் கேட்டேன். வசந்தி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.